கோதாம்பரி எண்ணிய நூற்றுப்பன்னிரண்டு

வடக்கே மலைமேல் இருக்கும் பைரோலி ஊருக்கு யோகா சொல்லிக் கொடுக்க அரசாங்கம் அனுப்பிய ஆள் கோதாம்பரி. அரசாங்கம் என்றதும் ஜீப்பில் வந்து இறங்கினாள் என்று நினைத்துவிட வேண்டாம். கீழே சாலையோரக் கடைத்தெருவில் ஒரு வாடகை அறை. அங்கிருந்து ஊருக்கு மூன்று கிலோமீட்டர் நெஞ்சை அடைக்கும் ஏற்றம். வாரத்துக்கு ஐந்து நாள் நடந்தே வருவாள், நடந்தே போவாள். வயது முப்பத்தெட்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம், "ரொட்டி உருட்டவே நேரம் சரியாப் போச்சு" என்பாள்.

அது பொய்யும் இல்லை. ரிஷிகேசத்தில் ஓர் ஆசிரமத்துச் சமையலறையில் பதினோரு வருடம் ரொட்டி உருட்டியவள் அவள். சமையலறை ஜன்னலுக்கு எதிரே பெரிய கூடம். அதில் வெள்ளைக்காரர்கள் தலைகீழாக நிற்பார்கள், கைகாலைப் பின்னிக்கொள்வார்கள். மாவுக் கையோடு பார்த்துப் பார்த்தே இவள் பாதி கற்றுக்கொண்டாள். மீதியைப் படித்து, முப்பத்து நான்காவது வயதில் பரீட்சை எழுதித் தேறினாள். சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரி.

பைரோலியில் பிள்ளைகள் போதாமல் மூடிக்கிடந்த பள்ளிக்கூடத்தை வகுப்புக்குக் கொடுத்தார்கள். பிள்ளைகள் எங்கே என்று கேட்டால், படிக்க வைக்க வசதியுள்ளவர்கள் கீழே போய்விட்டார்கள். ஆண்கள் டெல்லியிலும் காசியாபாத்திலும் ஹோட்டல் அடுப்படியில் நிற்கிறார்கள். ஊரில் மிஞ்சியவர்கள் பெண்கள், சில குழந்தைகள், எருமைகள், நாலைந்து கிழவர்கள். மதியம் இரண்டு மணிக்குப் பதினைந்து பெண்கள் வந்து சேர்ந்தார்கள். முதல் நாளே பெரிய சண்டை. இடுப்புத் துணியை அவிழ்க்கச் சொல்லிவிட்டாள் கோதாம்பரி.

அந்தப் பெண்கள் ஐந்து கஜத் துணியை இடுப்பில் சுற்றிச் சுற்றி இறுக்கிக் கட்டியிருப்பார்கள். புல்லுக்கட்டு தூக்கும் முதுகுக்கு அதுதான் முட்டு. அதை அவிழ்ப்பதும் ஒன்று, மானத்தை அவிழ்ப்பதும் ஒன்று.

"அடியே யோகாக்காரி, இதை அவுத்தா நான் ரெண்டா மடிஞ்சு விழுந்துடுவேன். அப்புறம் எம் புருசன் வந்து எந்தப் பாதியைக் கூட்டிட்டுப் போவான்?" என்றாள் குந்தி. வகுப்பில் வாய் அதிகம் அவளுக்குத்தான். கூடமே சிரித்தது. சிரிப்போடு சிரிப்பாக எல்லோரும் அவிழ்த்துவிட்டார்கள். ரூப்சா மட்டும் அவிழ்க்கவில்லை.

புத்தகத்தில் இருக்கிற மாதிரியே அன்று நின்று செய்யும் ஆசனங்களில் தொடங்கினாள் கோதாம்பரி. மலை மாதிரி நிற்பது, குனிவது, பிறகு நாற்காலி. அதாவது, நாற்காலி இல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி முட்டி மடக்கி, கையைத் தூக்கி நிற்பது. பத்து எண்ணுவதற்குள் ரூப்சாவின் முகம் சாம்பல் பூத்துவிட்டது.

வகுப்பு முடிந்ததும் தண்ணீர்க் குழாயடியில் அவளைப் பிடித்தாள் கோதாம்பரி.

"என்ன ரூப்சா, காலு நடுங்குதா?"

"காலா? நான் தூக்குற புல்லுக்கட்டை இந்த ஊர்ல ஒரு ஆம்பளை தூக்கட்டும் பாப்போம்." சொல்லிவிட்டு ரூப்சா சுற்றுமுற்றும் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது. அக்காவை அங்கே தீதி என்பார்கள். "தீதி, கீழ ஏதோ இறங்கி நிக்குது. சின்னவன் பொறந்து பதினோராம் நாளே காட்டுக்குப் போனேன், இலை வெட்ட. அன்னிலேர்ந்துதான். தும்மினா, இருமினா, உக்காந்து எந்திரிச்சா, வெளியே வந்துடுமோன்னு இருக்கு. அதான் துணியை இறுக்கிக் கட்டுறேன்."

கர்ப்பப்பை இறங்கியிருக்கிறது என்று கோதாம்பரிக்குப் புரிந்தது. துணியை இறுக்க இறுக்க அது இன்னும் கீழேதான் தள்ளும் என்பதும் தெரியும்.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும்டி. கீழ நம்ம சீநகர்ல பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. மாமியார்கிட்ட சொல்லு."

"சொன்னா? போன வருசம் மேல்வீட்டு மருமகளை உள்ளே கோளாறுன்னு அவ அம்மா வீட்டுல கொண்டுபோய் விட்டாங்களே, ஞாபகம் இல்லியா? புள்ளைங்க ரெண்டும் இங்க, அவ அங்க. இன்னும் கூட்டிட்டு வரல. எனக்கு மூணு புள்ளைங்க தீதி." அவள் கோதாம்பரியின் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். "நாகராஜா சாமி மேல சத்தியம் பண்ணு. யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாது. தீபாவளிக்கு அவரு வருவாரு. நானே அவருகிட்ட சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

சத்தியம் செய்தாள் கோதாம்பரி. தலைமேல் கை வைத்துச் செய்த சத்தியத்தை அந்த மலையில் யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. கடைத்தெரு அரசு மருந்தகத்தில் இருந்தவரோ ஆண். நர்ஸ் வேலை இரண்டு வருடமாகக் காலி. வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

அன்று சாயங்காலம் அறைக்கு வந்து, பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, ஒரு புது வரிசை எழுதினாள். புத்தகம் சொல்வது: முதலில் நிற்பது, பிறகு உட்காருவது, கடைசியில் படுப்பது. இவள் அதைத் தலைகீழாக்கினாள். முதலில் படுத்து, காலைச் சுவரில் தூக்கிவைத்து, கண்ணை மூடி மூச்சு. பிறகு முட்டி மடக்கிப் படுத்து, மூச்சை விடும்போது அடிவயிற்றுக்குக் கீழே உள்ள தசையை மேலே இழுத்துப் பிடித்து விடுவது. பிறகு பாலம், இடுப்பை மட்டும் தூக்குவது. பிறகு கன்றுக்குட்டி மாதிரி நாலு காலில் நின்று முதுகை வளைப்பது. கடைசியில் கொஞ்ச நேரம் நிற்பது. குனிவது, குந்துவது, நாற்காலி எதுவும் கிடையாது. அழித்து அழித்து எழுதினாள். ஒருத்திக்கு மட்டும் தனியாகச் சொல்லிக் கொடுத்தால் மறுநாளே ஊர் மோப்பம் பிடித்துவிடும். ஆகவே பதினைந்து பேருக்குமான வரிசையை ஒருத்திக்காகவே எழுதினாள். இது இவள் மூளையில் உதித்த தந்திரம். எந்தப் புத்தகத்திலும் இல்லை.

"என்ன யோகாக்காரி, வந்ததும் படுக்கச் சொல்ற?" என்று மறுநாள் வகுப்பில் குந்தி கேட்டாள்.

"காலையில நாலு மணிலேர்ந்து நின்னுக்கிட்டேதானே இருக்க? நிக்கிறதுக்கு ஒனக்கு நான் வேற சொல்லித் தரணுமா?"

"அம்மாடி! இத்தனை வருசத்துல என்னைப் படுன்னு சொன்ன மொத ஆளு நீதான். உனக்குக் கோயில் கட்டணும்."

அந்தப் பள்ளிக்கூட அறையின் கதவைச் சாத்திவிட்டு, பதினைந்து பெண்கள் பகலில், வெறும் சிமெண்டுத் தரையில், காலைச் சுவரில் தூக்கிவைத்துக்கொண்டு படுத்துக் கிடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு நிறைகிறது. சிலர் தூங்கியே போனார்கள். இரண்டாவது வாரம் ரூப்சாவும் துணியை அவிழ்த்தாள். தூக்கும் இலைக்கட்டின் கனத்தைக் குறைத்துக்கொண்டாள். மாமியார் முணுமுணுத்தபோது, 'காடு காய்ந்து கிடக்கிறது, இலை இல்லை' என்று சமாளித்தாள். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் ஓடிவந்து கோதாம்பரியின் காதில் சொன்னாள்: "தீதி, இன்னிக்கு மூணு தடவை தும்மினேன். ஒண்ணும் ஆகல!" பரீட்சையில் தேறியபோதுகூடக் கோதாம்பரி அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. தீபாவளி வரைக்கும் இப்படியே இழுத்துப் பிடித்துவிட்டால் போதும் என்று நினைத்தாள்.

அதோடு சும்மா இருந்திருக்கலாம். தரை சில்லென்று இருக்கிறதே, பாய் இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது பாருங்கள், அங்கேதான் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள். நேரே ஊர்த்தலைவர் கேசர் சிங்கிடம் போய்ப் பாய் கேட்டாள். கேசர் சிங் வேறு யாருமில்லை, ரூப்சாவின் புருஷனுக்கு அண்ணன்.

"பாய் என்ன டீச்சர், பெரிசாவே பண்ணிடுவோம்! யோகா தினம் வருதில்ல? வட்டார ஆபீஸ்லேர்ந்து அதிகாரியைக் கூப்பிடுறேன். பாயும் வரும், பேப்பர்ல படமும் வரும்" என்றார் அவர். கெட்ட மனுஷர் இல்லை. ஊருக்கு ஏதாவது வந்தால் சரி என்று அலைகிறவர்.

செய்தி கேட்ட பெண்கள் கொதித்துவிட்டார்கள். பள்ளிக்கூட முற்றத்தில், ஊர் ஆண்கள் முன்னால், புருஷனுக்கு அண்ணனான மூத்தார் முன்னால், காலை நீட்டிப் படுப்பதா? மூத்தார் எதிரே வந்தால் முக்காட்டை இழுத்துவிட்டு ஒதுங்கி நிற்கிற ஊர் அது. அவர் கண்ணெதிரே மருமகள் உட்காருவதே பெரிய விஷயம்.

"நான் படுத்தேன்னா எம் மாமியார் பொணம்னு நினைச்சு ஒப்பாரி வைக்க ஆரம்பிச்சிடுவா" என்றாள் குந்தி. "இல்ல இல்ல, ஒப்பாரி வைக்கமாட்டா. லட்டு குடுப்பா."

ஆக, நின்றே செய்யும் வரிசை வேண்டும். அதுவும் ரூப்சாவுக்கு ஊறு செய்யாத வரிசை. மறுபடி காலண்டர் தாள். நாலு தாள் கிழிந்தது. கடைசியில் ஏழு ஆசனம் தேறியது. மலை, கையைத் தூக்கி நிற்கும் பனை, ஒற்றைக் காலில் மரம், முக்கோணம், பக்கவாட்டில் வளைவது, தோள் சுழற்றுவது, கடைசியில் கண்ணை மூடி நின்று மூச்சு. பதினெட்டு நிமிடம். குந்துவது ஒன்றுகூட இல்லை. ரூப்சாவிடம் காட்டியபோது அவள் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துவிட்டு, "இது போதும் தீதி. இதை நான் செஞ்சிடுவேன்" என்றாள்.

அந்த நாளும் வந்தது. புகைமூட்டமான காலை, எங்கோ பைன் காடு எரிந்துகொண்டிருந்தது. முற்றத்தில் நீல நிறப் பாய்கள். ஒரு பக்கம் கேசர் சிங்கும் கிழவர்களும் நாற்காலியில். இன்னொரு பக்கம் மாமியார்கள். நடுவில் தப்லியால் என்ற அதிகாரி, கையில் கைப்பேசியோடு. பதினைந்து பேரும் முக்காடும் இடுப்புத் துணியுமாக நின்றார்கள். ரூப்சாவும் துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள். மூத்தார் முன்னால் அது இல்லாமல் எப்படி வருவாள்?

ஏழு ஆசனமும் ஒரு பிசகில்லாமல் முடிந்தது. குந்திகூட மரத்தில் ஆடாமல் நின்றாள். கோதாம்பரி மூச்சு விட்டாள்.

தப்லியால் உதட்டைப் பிதுக்கினார். "மேடம், இது ஸ்கூல் டிரில் மாதிரி இல்ல இருக்கு? மேல அனுப்பணும். கொஞ்சம் விறுவிறுப்பா ஏதாவது?"

கேசர் சிங்குக்கு ரோஷம் வந்துவிட்டது. "விறுவிறுப்பா? நம்ம மலைப் பொம்பளைங்க பலம் என்னன்னு காட்டுறேன் சாப். டீச்சர், அந்த நாற்காலி வையுங்க! மொத நாள் வச்சீங்களாமே, எம் பொண்டாட்டி சொன்னா. யாரு கடைசி வரை நிக்கிறாங்களோ அவங்களுக்கு என் வீட்டுல பிரிக்காம இருக்கற புது குக்கர்!"

மாமியார்கள் பக்கத்தில் சலசலப்பு. புது குக்கர் என்றால் சும்மாவா?

"சாப், இவங்க புதுசா கத்துக்கறவங்க. பத்து எண்ணினா போதும்" என்றாள் கோதாம்பரி.

"புதுசா? நாப்பது கிலோ தூக்குறவங்களுக்கு இது என்ன மேடம், பஞ்சு!"

"எல்லாரும் வேணாம். இஷ்டப்பட்டவங்க மட்டும் நிக்கட்டும். ரூப்சா, நீ வேணா அந்தப் பக்கம்…"

"ஏன்? எம் மருமகளை மட்டும் எதுக்கு ஒதுக்குற?" ரூப்சாவின் மாமியார் சைத்தி எழுந்தே நின்றுவிட்டாள். "இந்த ஊர்லயே பெரிய புல்லுக்கட்டு அவளுதுதான். அவதான் ஜெயிப்பா, எழுதி வச்சுக்கோ. என்ன, அவளுக்கு ஏதாச்சும் நோவா?"

முற்றம் முழுக்க ரூப்சாவைத் திரும்பிப் பார்த்தது. ரூப்சா கோதாம்பரியைப் பார்த்தாள். தலையில் கை வைத்த சத்தியம் அந்தப் பார்வையில் இருந்தது. "எனக்கு ஒரு நோவும் இல்ல. நிக்கிறேன்" என்றாள்.

பாவி, வாயைத் திறந்து ஒரு காய்ச்சல் என்றாவது சொல்லக்கூடாதா என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் காய்ச்சல் என்றால் சைத்தி நெற்றியில் கை வைத்துப் பார்ப்பாள், பொய் வெளுத்துவிடும்.

கோதாம்பரி எண்ண ஆரம்பித்தாள். அவள் கையில் மிச்சமிருந்தது அந்த எண்ணிக்கை ஒன்றுதான். ஆகவே ஓட்டமாக எண்ணினாள். ஒண்ணு ரெண்டு மூணு நாலு என்று மூச்சு விடாமல் இருபதைத் தொட்டபோது தப்லியால் கையை உயர்த்தினார்.

"மேடம், ரயிலைப் பிடிக்கணுமா? கைப்பேசியில வினாடி ஓடுது. அதைப் பார்த்து மெதுவா எண்ணுங்க."

கைப்பேசியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். இருபத்தொண்ணு. இருபத்திரண்டு. முப்பதில் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். நாற்பதில் குந்தி, "குக்கரும் வேணாம், கொத்தவரங்காயும் வேணாம்" என்று பாயில் விழுந்தாள். சிரிப்பு அடங்குவதற்குள் இன்னும் ஐந்து பேர். அறுபது. எழுபது. உட்காருடி, உட்காரு, உட்கார்ந்துவிடு என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே எண்ணினாள் கோதாம்பரி. ரூப்சா உட்காரவில்லை. அவள் கண் கோதாம்பரியின் வாயிலேயே இருந்தது. தொண்ணூறில் ரூப்சாவும் சுலோசனா என்ற இன்னொருத்தியும்தான் மிச்சம். "விடாதே மருமகளே!" என்று சைத்தி கத்தினாள். வீட்டு மானம் அந்த முட்டிகளில் நின்றது. நூறு. நூற்றைந்து. ரூப்சாவின் மேலுதட்டில் வியர்வை. நூற்றுப்பன்னிரண்டில் சுலோசனா சரிந்தாள்.

கைதட்டல் மலையில் எதிரொலித்தது. சைத்தி ஓடிவந்து மருமகளின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். கல்யாணமான பத்து வருடத்தில் அவள் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவையாம். படம் எடுக்கும்வரை குக்கரை வயிற்றோடு அணைத்து நின்ற ரூப்சா, பிறகு அதை மாமியாரிடம் கொடுத்துவிட்டு, தொடை இரண்டையும் ஒட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் போனாள். கோதாம்பரியால் பின்னாலேயே போக முடியவில்லை. தப்லியால் அவள் கையில் பாராட்டுத் தாள் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் ரூப்சா வகுப்புக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நான்காம் நாள் ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பைரோலிப் படம் மேலிடத்துக்குப் பிடித்துவிட்டதாம். புதிதாகக் கற்றுக்கொள்ளும் பெண்களுக்கான வரிசை ஒன்றை, அந்த நாற்காலியைச் சேர்த்து, வட்டாரம் முழுமைக்கும் அவளே எழுதி அனுப்ப வேண்டுமாம். கடிதத்தைப் பையில் திணித்துக்கொண்டு ஆறாம் நாள் ரூப்சாவின் வீட்டுக்குப் போனாள்.

வீட்டின் மேல்தளத்தில் சைத்தி புது குக்கரில் கொள்ளு வேகவைத்துக்கொண்டிருந்தாள். வெல்லமும் டீயும் கொடுத்தாள். முகத்தில் மட்டும் போட்டி அன்றைய மகிழ்ச்சி இல்லை.

"நல்லா வந்து கெடுத்த போ. சிங்கம் மாதிரி இருந்தவ. இப்ப எந்நேரமும் படுக்கை. காட்டுக்கும் போகமாட்டேங்கிறா, எருமையையும் பாக்கமாட்டேங்கிறா. கேட்டா உடம்பு அசதியாம். கதவைச் சாத்திக்கிட்டு மருமகளுங்களுக்குப் படுக்கக் கத்துக் குடுத்தியாமே, குந்தி சொன்னா. இவ நல்லாத்தான் கத்துக்கிட்டா. கீழ கிடக்கா, போய்ப் பாரு."

கோதாம்பரிக்கு உண்மை வாய்வரை வந்தது. தலைமேல் வைத்த கை நினைவுக்கு வந்தது. டீயை அப்படியே வைத்துவிட்டுக் கீழே இறங்கினாள்.

வீட்டின் அடித்தளம் எருமைக் கொட்டில். ஓரத்தில் காய்ந்த இலைக் குவியல் மேல் ரூப்சா படுத்திருந்தாள். இடுப்பில் துணி இல்லை. காலைச் சுவரில் தூக்கிவைத்திருந்தாள். கோதாம்பரியின் வரிசையில் அதுதானே முதல் ஆசனம்.

"வா தீதி." எழ முயலவில்லை. "அன்னிலேர்ந்து இப்படியே கிடக்கேன். முன்னாடி படுத்தா உள்ளே போயிடும். இப்பப் போகமாட்டேங்குது."

"ரூப்சா, இப்பவே சொல்லிடுவோம்டி. நான் உன் மாமியார்கிட்ட பேசுறேன். டோலி கட்டித் தூக்கிட்டுப் போய்…"

"சத்தியம் பண்ணியிருக்க." அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "இப்பச் சொன்னா என்ன சொல்வாங்க தெரியுமா? குக்கரைக் கொண்டாந்தவளுக்கு நோவு எப்படி வரும், வேலைக்குப் பயந்து நடிக்கிறாம்பாங்க. இல்லேன்னா அம்மா வீட்டுக்கு மூட்டை கட்டுவாங்க. அவரு வரட்டும்."

தீபாவளிக்கு இன்னும் நாலு மாதத்துக்கு மேல் இருந்தது. கோதாம்பரி இலைக் குவியலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பதினோரு வருடம் ஜன்னல் வழியாகப் பார்த்ததும், படித்துத் தேறியதும், அழித்து அழித்து எழுதிய வரிசைகளும் அந்தக் கொட்டிலில் ஒன்றுக்கும் உதவவில்லை. அழுகைதான் வந்தது.

"ஏன்டி உட்காரல? எல்லாரும்தானே உட்கார்ந்தாங்க? ஒவ்வொரு எண்ணுக்கும், நீ உட்கார்ந்துடுவ, உட்கார்ந்துடுவன்னு பார்த்துக்கிட்டே இருந்தேனே."

ரூப்சா கண்ணைத் திறந்தாள். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தாலும் கோதாம்பரி தாங்கியிருப்பாள்.

"எண்ணினது நீதானே தீதி? ஒவ்வொரு எண்ணுக்கும், நீ நிறுத்திடுவ, நிறுத்திடுவன்னு நான் உன் வாயையே பார்த்துக்கிட்டு நின்னேன்."

மேலே குக்கர் விசில் அடித்தது. எருமை காதை விடைத்துத் திரும்பிப் பார்த்தது. சைத்தி ஏணிப்படியில் குனிந்து கத்தினாள்: "ஏ கோதாம்பரி, இது எத்தனாவது விசிலு? எனக்குக் கணக்கு விட்டுப்போச்சு, நீ எண்ணினியா?"